கரிசலில் வீடு கட்டுவோர் கோரிக்கைச் சாசனம்

கோவில்பட்டி, விளாத்திகுளம், எட்டயபுரம், ஓட்டப்பிடாரம், சாத்தூர், அருப்புக்கோட்டை வட்டாரங்களில் கரிசல் மண்ணில் வீடு கட்டியிருப்பவர்களும் இனிக் கட்டப்போகிறவர்களும் சேர்ந்து இந்தச் சாசனத்தை வைக்கிறோம். தமிழ்நாடு அரசும், ஊரக வளர்ச்சி மற்றும் ஊராட்சித் துறையும், தூத்துக்குடி, விருதுநகர் மாவட்ட நிர்வாகங்களும் இதற்குப் பதில் சொல்ல வேண்டும். எங்களுக்கு வீடு உண்டா இல்லையா என்பது இங்கே பேச்சு இல்லை. அது முடிவான காரியம். ஊரகப் பகுதிக்கான பிரதமர் வீட்டு வசதித் திட்டம் 2016இல் வந்தது. கலைஞரின் கனவு இல்லம் 2024இல் வந்தது. அந்த வீடு எந்த மண்மேல் நிற்கப்போகிறது என்று பார்த்துச் சொல்லும் ஏற்பாடு மட்டும் இன்னும் ஏன் வரவில்லை?

கரிசலின் குணம் எங்களுக்குத் தெரியும். கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். ஐப்பசி மழை விழுந்ததும் உப்பி, வெடிப்பெல்லாம் மூடிக்கொள்ளும். மாண்ட்மோரிலோனைட் என்ற களிமண் கனிமம் அதில் மிகுந்திருப்பதே காரணம். நீரை இழுத்து விரியும், நீர் வற்றினால் சுருங்கும். பருத்திக்கும் கம்புக்கும் உளுந்துக்கும் நல்லதாக இருக்கிற அதே குணம் சுவருக்குப் பகை. வீடு முழுவதும் ஒரே அளவில் ஏறி இறங்கினால் சேதம் குறைவாக இருக்கும். ஒரு மூலை ஏறி மறு மூலை அப்படியே நின்றுவிடும்போதுதான் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல் கிளம்புகிறது; கதவு நிலையில் சிக்குகிறது; பேஸ்மட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே பிளவு ஓடுகிறது. இதில் சிறிய வீட்டுக்கே ஆபத்து அதிகம். மாடி வீட்டின் பாரம் மண்ணின் எழுச்சியை ஓரளவு அமுக்கும். 360 சதுர அடியில் ஒற்றைத் தளமாக நிற்கும் வீட்டுக்கு அந்தப் பாரம் கிடையாது. ஆகவே குறைந்த பணத்தில் கட்டுகிறவருக்குத்தான் கூடுதல் பொறியியல் கவனிப்பு வேண்டும். நடப்பது தலைகீழாக இருக்கிறது.

முதல் கோரிக்கை: வீடு கட்டும் உத்தரவு கைக்கு வருவதற்கு முன்பே, அந்த மனையின் மண்ணைக் கட்டணமில்லாமல் ஆய்வு செய்ய வேண்டும். ஊருக்கு ஓர் ஆய்வு போதாது, மனைக்கு மனை வேண்டும். ஒரே தெருவில் வடக்கு வீட்டில் நாலடியில் சரள் தட்டும். தெற்கு வீட்டில் பத்தடி தோண்டினாலும் கறுப்பாகவே வரும். மனையின் எதிரெதிர் மூலைகளில் இரண்டு சோதனைக் குழிகள் எடுத்து, எந்த ஆழத்தில் கரிசல் முடிகிறது, அடியில் இருப்பது சுக்கானா, சரளா, மக்கிய பாறையா, நீர் ஊறுகிறதா என்று குறிக்க வேண்டும். குழிகளை அன்றே மூடிவிட வேண்டும், குழந்தைகள் ஓடியாடும் இடம் அது. எடுத்த மண்ணுக்கு உப்பல் சோதனை செய்ய வேண்டும். அதன் முறை ஐ.எஸ். 2720 என்ற இந்தியத் தர விதியின் 40ஆம் பகுதியாக 1977இலேயே வெளியாகிவிட்டது. உலர்த்திச் சலித்த மண்ணில் பத்துப் பத்து கிராமாக இரண்டு பங்கு எடுத்து, ஒன்றைத் தண்ணீர் உள்ள அளவு ஜாடியிலும் மற்றதை மண்ணெண்ணெய் உள்ள ஜாடியிலும் போட்டு 24 மணி நேரம் விட வேண்டும். மண்ணெண்ணெயில் இந்தக் களி உப்பாது, தண்ணீரில் உப்பும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அளவு. நூற்றுக்கு ஐம்பதைத் தாண்டினால் எச்சரிக்கை, நூறைத் தாண்டினால் அதற்கென்றே வகுத்த அஸ்திவாரம் வேண்டும். இரண்டு ஜாடியும் கொஞ்சம் மண்ணெண்ணெயும் ஒரு நாளும் தவிர இதற்குப் பெரிய செலவு எதுவும் இல்லை. இதை இத்தனை ஆண்டு தள்ளிப்போட என்ன காரணம் இருக்க முடியும்?

ஒவ்வொரு ஊராட்சி ஒன்றியத்திலும் இந்த ஆய்வுக்கு ஓர் இடம் வேண்டும் என்பது இரண்டாவது. வயலுக்கு மண் பரிசோதனை நிலையங்கள் இருக்கின்றன. 2015இல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தில் தழை, மணி, சாம்பல் சத்தும் கார அமில நிலையும் எழுதித் தருகிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் அந்த அட்டை, மண் வீட்டைத் தாங்குமா என்று சொல்லாது. பயிருக்காக வயல் வயலாக மண் அள்ளி வர முடிந்த நிர்வாகத்துக்கு, வீட்டுக்காக மனை மனையாக அள்ளி வருவது எட்டாத வேலை அல்ல. புதுக் கட்டடம் எழும்பும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. நெடுஞ்சாலைத் துறையிடம் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகங்கள் உள்ளன. திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியும் மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியும் எட்டும் தூரத்தில் இருக்கின்றன. பாலிடெக்னிக்குகளும் உண்டு. அவற்றோடு மாவட்ட நிர்வாகம் ஒப்பந்தம் செய்து, ஒன்றிய அலுவலகத்தில் ஓர் அறையையும் ஓர் ஆய்வாளரையும் ஒதுக்கினால் மூன்று மாதத்தில் வேலையைத் தொடங்கலாம்.

மூன்றாவது, ஆய்வின் முடிவு வீட்டுக்காரர் கையில் தமிழில் எழுத்தாக வர வேண்டும். ஒரு பக்கம் போதும். கரிசலின் ஆழம், உப்பல் அளவு, கீழே உள்ள அடுக்கு, போட வேண்டிய அஸ்திவாரத்தின் வகை, அதன் ஆழம், பேஸ்மட்டத்தின் உயரம், ஆய்ந்தவர் பெயர், கையெழுத்து, தேதி. இந்தத் திட்டங்களில் வீடு பல இடங்களில் பெண்கள் பெயரில் வருகிறது. வீட்டுக்கு உரிய அந்தப் பெண்ணிடமே ஆய்வாளர் அதைப் படித்துக் காட்டி விளக்க வேண்டும். கோப்புக்குள் போய்விட்ட அறிக்கையால் வானம், அதாவது அஸ்திவாரக் குழி, தோண்டுகிறவருக்குப் பயன் இல்லை.

நான்காவது கோரிக்கையைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் தவறு அதிகம் நடப்பது இங்கேதான். செம்மண் பூமிக்கும் மணற்பாங்கான பூமிக்கும் கரிசலுக்கும் ஒரே வரைபடம் கூடாது. கரிசலுக்கென மூன்று வகை அஸ்திவார வரைபடங்களை அரசு வெளியிட வேண்டும். கரிசல் மெல்லியதாக இருந்து சீக்கிரமே சரள் கிடைக்கும் மனையில், அதைத் தொடும்வரை தோண்டி, கருங்கல் கட்டி, மேலே பெல்ட் கான்கிரீட் போட்டால் போதும். நடுத்தர ஆழம் உள்ள மனையில் கறுப்பு மண்ணை வேண்டிய அளவு வெட்டி எடுத்துவிட்டு, உப்பாத சரளை மண்ணை அடுக்கடுக்காக நனைத்து இறுக்க வேண்டும். வெறும் மணலைக் கொட்டி நிரப்புவதை நிறுத்த வேண்டும். களிக்கு நடுவே இருக்கும் மணல், மழைநீரைத் தேக்கிவைத்துக் கரிசலுக்கு ஊட்டிக்கொண்டே இருக்கும். மும்பை ஐ.ஐ.டி. பேராசிரியர் ஆர்.கே. கட்டி, மணலுக்குப் பதில் உப்பாத பிசுபிசுப்பு மண் அடுக்கைப் பரிந்துரைத்தார். அது பொறியியல் பாடமாகவே ஆகிவிட்டது. கரிசல் ஆழமாகக் கிடக்கும் மனைக்கு அண்டர் ரீம்டு பைல் உண்டு. கைத் துரப்பணத்தால் ஒடுக்கமாகத் துளையிட்டு, அடியில் அதைத் தண்டைப்போல் இரண்டரை மடங்கு அகலமாகக் குடைந்து, கம்பிக்கூடு இறக்கிக் கான்கிரீட் ஊற்றும் முறை இது. மண் அசையாத ஆழத்தில் அந்தக் குமிழ் ஊன்றிக்கொள்ளும். ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் நம் நாட்டுக் கரிசலுக்காகவே அரை நூற்றாண்டுக்கு முன் வளர்த்தெடுத்த முறை அது. ஆழமான கரிசலில் பைலின் நீளம் குறைந்தது மூன்றரை மீட்டர் இருக்க வேண்டும் என்றும், மேலே ஓடும் பீமுக்கும் தரைக்கும் நடுவே இடைவெளி விட வேண்டும் என்றும் ஐ.எஸ். 2911 சொல்கிறது. அந்த இடைவெளி இருந்தால் மண் உப்பும்போது பீமைத் தூக்காது. விதி இருக்கிறது, முறை இருக்கிறது, நாட்டிலேயே பிறந்த ஆராய்ச்சி இருக்கிறது. ஒன்றிய அலுவலகத்துச் சுவரில் வரைபடம் மட்டும் இல்லை.

பேஸ்மட்டத்துக்குள் நிரப்பும் மண்ணைப் பற்றித் தனியாகச் சொல்கிறோம். வானம் தோண்டி எடுத்த கரிசலையே திரும்பவும் பேஸ்மட்டத்துக்குள் தள்ளி மிதித்துவிடுவது எங்கள் பக்கத்தில் வழக்கமாகிவிட்டது. வெளியிலிருந்து சரளை மண் வாங்கினால் லாரி வாடகை, நடைச்சீட்டு என்று பணம் போய்விடுகிறது. உள்ளே அடைபட்ட கரிசல் ஈரம் பட்டதும் உப்பி, பேஸ்மட்டச் சுவரை வெளியே தள்ளுகிறது, தரையைத் தூக்குகிறது. சுவர் சரியாகக் கட்டியிருந்தும் இப்படிக் கெட்டுப்போன வீடுகள் ஊருக்கு ஊர் உண்டு. ஆகவே ஒவ்வொரு வீட்டுக்கும் தேவையான சரளை மண்ணை அரசே மனையில் கொண்டுவந்து இறக்க வேண்டும். அல்லது வட்டாட்சியர் உத்தரவிலேயே கட்டணமின்றி எடுத்துக்கொள்ள அனுமதிக்க வேண்டும். இது ஐந்தாவது.

ஆறாவது பணம். கனவு இல்லத்துக்கு ஒரு வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய். ஆற்றங்கரை மணலில் கட்டினாலும் ஆழக் கரிசலில் கட்டினாலும் தொகை ஒன்றே. ஆனால் இடத்துக்கேற்பத் தொகை மாற வேண்டும் என்ற கொள்கையை மத்திய அரசே ஏற்றிருக்கிறது: பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தில் சமவெளிக்கு 1.20 லட்சம், மலைப்பகுதிக்கும் கடினமான பகுதிக்கும் 1.30 லட்சம் என்று தொடக்கத்திலேயே பிரித்து வைத்தார்கள். உப்பும் மண்ணும் கடினமான நிலம்தான். ஆய்வில் உப்பல் அளவு எல்லை தாண்டிய மனைக்கு அஸ்திவாரக் கூடுதல் தொகை என்று தனியாக ஒதுக்க வேண்டும். அதை வானம் தோண்டும் முன் தர வேண்டும். பணம் வராமல் அரைகுறை ஆழத்தில் நிறுத்திவிட்டுத் தவணைக்காகப் பேஸ்மட்டத்தை எழுப்புகிறவரைக் குறை சொல்லி லாபம் இல்லை. அந்த நெருக்கடிக்குள் அவரைத் தள்ளுவது தவணை முறை.

ஏழாவதாக, பொறியாளர் மனைக்கு மூன்று முறை நேரில் வர வேண்டும். வானம் தோண்டுவதற்கு முன் ஒருமுறை. தோண்டிய குழியின் அடியைப் பார்க்க ஒருமுறை. பெல்ட் கான்கிரீட்டின் கம்பியைக் கான்கிரீட் மூடும் முன் ஒருமுறை. இப்போதோ இடம் குறித்த புகைப்படத்தைச் செல்பேசியில் ஏற்றுவதோடு மேற்பார்வை முடிந்துவிடுகிறது. மேலே எழுந்த சுவரைத்தான் அந்தப் படம் காட்டும். அடியில் இரண்டடி தோண்டினார்களா ஐந்தடி தோண்டினார்களா என்பது அதில் தெரியாது. குழி எடுத்துவிட்டுப் பொறியாளரைக் கேட்டால், மூன்று வேலை நாளுக்குள் வந்து பார்த்துக் கையெழுத்திட வேண்டும். குழி திறந்து கிடக்கும்போது மழை பெய்தால் அடிமண் உப்பிக் கெட்டுவிடும், அதனால்தான் நாள் கணக்கு சொல்கிறோம். ஒன்றியத்தில் ஆள் பற்றாக்குறை என்பது உண்மை. ஓய்வுபெற்ற பொறியாளர்களை மதிப்பூதியத்தில் அமர்த்தலாம். கட்டடப் பொறியியல் இறுதியாண்டு மாணவர்களை ஆசிரியர் மேற்பார்வையில் குழிப் பதிவுக்கு அனுப்பலாம். மாவட்டத்துக்கு ஒரு தொலைபேசி எண் வைத்து, கொத்தனாரும் வீட்டுக்காரரும் கேட்கும் கேள்விக்கு அன்றே பதில் கிடைக்கச் செய்யலாம்.

எங்கள் கொத்தனார்கள் கை தேர்ந்தவர்கள். ரசமட்டமும் தூக்குக்குண்டும் அவர்களிடம் பிசகாது. பிரதமர் வீட்டு வசதித் திட்ட விதிப்படி ஒப்பந்ததாரரை அமர்த்தக் கூடாது, பயனாளியே கட்ட வேண்டும். ஆக வீட்டின் உண்மையான பொறுப்பு கொத்தனாரிடமே வந்து நிற்கிறது. அவர்களுக்குப் பைல் துளையிடவும், சரளை மண்ணை அடுக்கடுக்காக இறுக்கவும், உப்பல் அறிக்கையைப் படிக்கவும் பயிற்சி வேண்டும். பயிற்சி நாட்களுக்கு முழுக் கூலி தர வேண்டும், ஒருநாள் வேலை போனால் அடுப்பு எரியாத குடும்பங்கள் அவர்களுடையவை. சித்தாளாகவே காலம் கழிக்கும் பெண்களுக்கும் இந்தப் பயிற்சியில் பங்கு உண்டு. ஒவ்வொரு ஒன்றியத்திலும் கைத் துரப்பணமும் அடிக் குடைவுக் கருவியும் இரண்டு தொகுப்பாவது இருக்க வேண்டும், வாடகை இல்லாமல். இது எட்டாவது.

ஒன்பதாவது நீர். கரிசலில் வீட்டைக் கெடுப்பது ஈரம் என்பதைவிட, ஒரு பக்கத்து ஈரம் என்பதே சரி. குளியல் நீர் ஒரு சுவர் ஓரம் தேங்கும். குடிநீர்க் குழாய் இணைப்பு பேஸ்மட்டத்தை ஒட்டிக் கசியும். கழிப்பறையின் உறிஞ்சு குழி சுவருக்கு அருகிலேயே இருக்கும். அந்தப் பக்கம் மட்டும் மண் எழும்பும். வீட்டுக்கு வீடு குழாய் கொடுத்தவர்கள், அந்த நீர் போக வழியும் கொடுக்க வேண்டும். வீட்டைச் சுற்றிச் சரிவான சிமெண்ட் தளம் போடும் செலவை மதிப்பீட்டிலேயே சேர்க்க வேண்டும். உறிஞ்சு குழியின் இடத்தை அஸ்திவார வரைபடத்திலேயே குறிக்க வேண்டும். தெருவில் பழைய சாலையைச் சுரண்டாமல் மேலே மேலே தார் போட்டு உயர்த்துவதை இன்றோடு நிறுத்த வேண்டும். இரண்டு முறை சாலை போட்டால் எங்கள் பேஸ்மட்டம் தெரு மட்டத்துக்கு வந்துவிடுகிறது, தெருத் தண்ணீர் வீட்டைச் சுற்றி நிற்கிறது. 2023 டிசம்பரில் தூத்துக்குடி மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. வழக்கமான மழையை மட்டும் மனதில் வைத்துப் பேஸ்மட்டத்தின் உயரத்தைத் தீர்மானிக்கும் காலம் போய்விட்டது.

ஏற்கனவே விரிசல் விட்ட தொகுப்பு வீடுகளை எண்ணிப் பட்டியலிட வேண்டும் என்பது பத்தாவது. ஊரக வீடுகளைப் பழுதுபார்க்கத் திட்டம் இருக்கிறது. ஆனால் விரிசலில் சிமெண்டைப் பூசி வெள்ளையடித்தால் அடுத்த கோடையில் அதே இடம் திறந்துகொள்ளும். விரிசலின் குறுக்கே சிறு கண்ணாடித் துண்டைச் சிமெண்டால் ஒட்டித் தேதி எழுதிவைத்தால், மண் அசைந்தால் கண்ணாடி உடைந்து காட்டும். ஒரு கோடையும் ஒரு மழையும் பார்த்துவிட்டு, எதற்குப் பூச்சு போதும், எதற்கு அடியைப் பலப்படுத்த வேண்டும், எதில் குடியிருக்கவே கூடாது என்று பிரித்துத் தர வேண்டும். குடியிருக்கக் கூடாத வீட்டில் இருப்பவர்களுக்கு இந்த மழைக்கு முன்பே மாற்று இடம் வேண்டும். இதில் ஒரு நாள் தாமதமும் உயிரோடு விளையாடுவது.

பதினோராவது, அரசுத் திட்டம் இல்லாமல் சொந்தப் பணத்தில் கட்டுகிறவர்களுக்கும் இதே ஆய்வகம் திறந்திருக்க வேண்டும், எல்லோராலும் கட்ட முடிந்த ஒரே கட்டணத்தில். 2024 முதல் சிறிய மனைகளுக்குச் சுயசான்றின் பேரில் உடனடிக் கட்டட அனுமதி கிடைக்கிறது. அலைச்சல் குறைந்தது, வரவேற்கிறோம். ஆனால் மனையை யாரும் வந்து பார்க்காத நிலையில், மண் ஆய்வு வசதியைப் பக்கத்தில் கொண்டுவரும் கடமை கூடுகிறது. வங்கிக் கடனும் நகைக் கடனும் போட்டுக் கட்டிய வீடு அது.

எதை எப்போது செய்ய வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறோம். ஆய்வுக்கு ஏற்ற காலம் சித்திரை, வைகாசி. மண் முழுக்க உலர்ந்து வெடிப்பின் ஆழம் கண்ணுக்குத் தெரியும் நேரம். ஆனி, ஆடியில் அஸ்திவாரம் போட்டால் ஐப்பசி மழைக்கு முன் பேஸ்மட்டம் எழும்பிவிடும். ஆகவே ஆய்வாளரும் அறையும் பங்குனிக்குள் தயாராக வேண்டும். வரைபடங்களை அதே மாதத்தில் ஒவ்வொரு ஊராட்சி அலுவலகத்திலும் ஒட்ட வேண்டும். கூடுதல் தொகைக்கான அரசாணையை வரும் நிதிநிலை அறிக்கையோடு பிறப்பிக்க வேண்டும். அதற்கு முன்பே தொடங்கக்கூடியவை மூன்று: விரிசல் வீடுகளின் பட்டியல், சாலையைச் சுரண்டிப் போடும் உத்தரவு, சரளை மண் அனுமதி. இவற்றுக்குப் புதுச் சட்டமும் தேவையில்லை, புதுக் கட்டடமும் தேவையில்லை. எத்தனை மனைகளுக்கு ஆய்வு முடிந்தது, எத்தனை நிலுவையில் இருக்கிறது, ஏன் என்ற கணக்கை ஒவ்வொரு கிராமசபையிலும் வாசிக்க வேண்டும்.

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு நாள் கிராமசபை கூடுகிறது. அடுத்து வரும் கூட்டத்தில் இந்தச் சாசனத்தைத் தீர்மானமாக வைக்கிறோம். கரிசல் ஊர்க்காரர்களே, உங்கள் ஊரிலும் வையுங்கள். தீர்மானப் புத்தகத்தில் ஏறியதைப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். நகலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.